கூடத்துக்கு வந்த சமுத்திரம்

உத்தரமேரூருக்கும் சமுத்திரத்துக்கும் நடுவே ஏறக்குறைய ஐம்பது கிலோமீட்டர் தூரம் இருக்கிறது. ஆகையால் இவ்வூர்வாசிகள் கடலைப் பற்றிப் பொதுவாகக் கவலைப்படுவதில்லை. அவர்களுடைய கவலையெல்லாம் ஏரியைப் பற்றியது. நிரம்புமா, நிரம்பாதா, நிரம்பினால் கரை தாங்குமா, தாங்காதா என்பதுதான் அவர்கள் பேச்சு. நிலைமை இப்படியிருக்க, சென்ற ஐப்பசியில் ஒரு நாள் அதிகாலையில் உத்தரமேரூரிலிருந்து என் தங்கை டெலிபோனில் கூப்பிட்டு, "அண்ணா, உடனே புறப்பட்டு வா. சமுத்திரம் கூடத்துக்கு வந்துவிட்டது" என்று சொன்னால் கேட்பவனுக்கு எப்படி இருக்கும்?

விஷயம் உடனே விளங்கிவிட்டது. அவளுடைய பிள்ளை, அதாவது என் மருமான், பதினேழு வயதுப் பையன். நாலு மாதத்துக்கு முன்பு கூடத்தில் கடல் நீர் மீன் தொட்டி ஒன்றை ஸ்தாபித்திருந்தான். காஞ்சீபுரத்தில் பஸ் ஏறி உத்தரமேரூர் போய்ச் சேர்ந்தேன். கூடத்தின் கிழக்கு மூலையில் சாக்குகளும் பழைய வேஷ்டிகளும் நனைந்து கிடந்தன. மாப்பிள்ளை ஊஞ்சலில் காலைத் தூக்கி வைத்துக்கொண்டு, சகல பற்றுக்களையும் துறந்த ஞானியைப் போல் பத்திரிகை வாசித்துக்கொண்டிருந்தார். தங்கை ஒரு கையில் துடைப்பமும் ஒரு கையில் வாளியுமாக நின்றாள். பையன் மட்டும் தொட்டிக்கு எதிரே தரையில் குந்தியிருந்தான். அவன் கண்கள் சிவந்திருந்தன. அவனுடைய உள்ளங்கையில் சின்னஞ்சிறு இறால் ஒன்று செத்துக் கிடந்தது.

தண்ணீர் ஒழுகினால் தரை கெடும், மரச்சாமான் கெடும் என்பது எல்லாருக்கும் தெரிந்ததே. ஆனால் இந்த இறாலைக் கொன்றதும் அந்த ஒழுக்குத்தான் என்பதைப் பையன் அப்போது அறிந்திருக்கவில்லை. எனக்கும் தெரியாது. அதைக் கண்டுபிடித்த கதையைத்தான் இந்த வாரம் நேயர்களுக்குச் சொல்லப் போகிறேன். வீட்டில் மீன் தொட்டி வைத்திருப்பவர்களுக்கு மட்டுமல்ல, மொட்டை மாடியில் தண்ணீர்த் தொட்டி வைத்திருக்கும் எல்லாருக்குமே இதில் கொஞ்சம் பயன் உண்டு.

* * *

கடலைக் கண்ணாடிக்குள் வளர்க்கும் ஆசை புதிதல்ல. லண்டன் மிருகக்காட்சி சாலையில் 1853-ஆம் ஆண்டிலேயே பொதுமக்கள் பார்ப்பதற்காக மீன் காட்சிசாலை திறந்தார்கள். மறு வருஷம் பிலிப் ஹென்றி காஸ் என்பவர் இதைப் பற்றி ஒரு புத்தகம் எழுதி வெளியிட்டார்; அதன் பிறகு அந்நாட்டில் வீட்டுக்கு வீடு இந்தப் பைத்தியம் பிடித்தது. நம்முடைய சென்னைக் கடற்கரையில் 1909-ஆம் ஆண்டில் மீன் காட்சிசாலை ஏற்பட்டது. இரண்டாம் உலக யுத்த காலத்தில் அது மூடப்பட்டது.

அந்த நாளில் தொட்டி என்றால் இரும்புச் சட்டம். அதில் கண்ணாடியைப் பதித்துப் புட்டி பூசுவார்கள். உப்பு நீர் இரும்பைத் தின்னும். புட்டி காய்ந்து வெடிக்கும். ஆகவே ஒழுகாத தொட்டி என்பது அபூர்வம். 1960-க்குப் பிறகு சிலிக்கோன் பசை புழக்கத்துக்கு வந்தது. சட்டமே இல்லாமல் கண்ணாடியோடு கண்ணாடியை ஒட்டி நிறுத்தக் கற்றுக்கொண்டார்கள். பெரிய செல்வந்தர் மட்டும் வைத்துக்கொள்ளக்கூடிய கடல், நடுத்தரக் குடும்பத்தின் கூடத்துக்கும் வந்தது அதனால்தான்.

மருமானுடைய தொட்டி 90 சென்டிமீட்டர் நீளம். அகலமும் உயரமும் 45. விளிம்பு மட்டும் நிரப்பினால் 182 லிட்டர் கொள்ளும். கடல் நீர் நன்னீரைவிடச் சற்றுக் கனமானது. ஒரு லிட்டர் 1,025 கிராம் இருக்கும். ஆகவே தண்ணீர் மட்டுமே சுமார் 187 கிலோ. அந்தத் தண்ணீர் முன் கண்ணாடியை ஏறக்குறைய 93 கிலோ பலத்தோடு வெளியே தள்ளிக்கொண்டிருக்கிறது. அதிலும் மேற்புறத்தில் அழுத்தம் சொற்பம். அடிக்குப் போகப் போக அதிகம். ஏரிக் கரையை மேலே குறுக்கியும் அடியில் அகலமாகவும் போடுவது ஏன் என்று யோசித்தால் இது விளங்கும். தண்ணீரின் அழுத்தம் அதன் ஆழத்தைப் பொறுத்தது. கூடத்துக் கண்ணாடிக்கும் ஏரிக் கரைக்கும் சட்டம் ஒன்றே.

தொட்டியின் பின்பக்கத்தில் மேலாக ஒரு சிறு அறை தடுத்திருக்கிறது. நீர் மட்டம் உயர்ந்தால் அதற்குள் வழிந்து, அங்கேயுள்ள துவாரத்தின் வழியாகக் குழாயில் இறங்கி, மேஜைக்கு அடியிலுள்ள கீழ்த்தொட்டிக்குப் போகும். அங்கே அழுக்கு நீங்கி, பம்பினால் மறுபடி மேலே ஏறும். ஏரிக்குக் கலங்கல் எப்படியோ, அப்படி இந்த அறை. மேல் ஏரி வழிந்தால் கீழ் ஏரி நிரம்புவதுபோலத்தான் இந்த ஏற்பாடு முழுவதும்.

* * *

"எப்போதிலிருந்து ஒழுகுகிறது?" என்று விசாரித்தேன்.

"நேற்று இரவுதான் வெள்ளம், மாமா. ஆனால் ஒரு மாதமாகவே அந்த முன் மூலையில் ஈரம் இருந்துகொண்டுதான் இருந்தது. கண்ணாடி வியர்க்கிறது என்று நினைத்தேன். பிறகு மூலையில் வெளிப்பக்கமாகப் பசை வைத்து அடைத்தேன். இரண்டு நாள் நின்றது, மறுபடி வந்துவிட்டது."

"தொட்டியில் தண்ணீர் குறையவில்லையா?"

"தினம் நாலு லிட்டர் குறைந்தது. காற்றில் ஆவியாகப் போகிறது என்று தினமும் சாயங்காலம் ஆர்.ஓ. தண்ணீர் ஊற்றிக்கொண்டு வந்தேன்."

இங்கேதான் முடிச்சு இருந்தது. அவனிடம் இருந்த ஹைட்ரோமீட்டரை எடுத்து மிதக்க விடச் சொன்னேன். 1.025 காட்ட வேண்டியது, 1.019 காட்டியது. பையன் திகைத்துப் போனான்.

காரணம் எளிது. தண்ணீர் ஆவியாகும்போது நீர் மட்டும்தான் போகும். உப்பு தொட்டியிலேயே நிற்கும். ஆகவே குறைந்த அளவுக்கு நன்னீர் ஊற்றினால் எல்லாம் சரியாகிவிடும். ஆனால் ஒழுகும்போது நீரும் உப்பும் சேர்ந்தே போகின்றன. அதையும் நன்னீரால் ஈடுசெய்தால் ஒவ்வொரு நாளும் கடல் கொஞ்சம் கொஞ்சமாக நீர்த்துக்கொண்டே வரும். தினம் குறைந்த நாலு லிட்டரில் இரண்டு லிட்டர் ஒழுகியது என்று வைத்துக்கொள்ளுங்கள். மேலும் கீழுமாக மொத்தம் 180 லிட்டர் உள்ள தொட்டியில், முப்பது நாளில் உப்பு நாலில் ஒரு பங்குக்கு மேல் போய்விடும். மீன்கள் கொஞ்சம் தாக்குப்பிடிக்கும். இறால் போன்ற முதுகெலும்பில்லாத பிராணிகளால் அது முடியாது. அதுதான் முதல் பலி.

ஆகவே நேயர்கள் முதலில் மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டிய சோதனை இது. நீர் குறைகிறது என்றால் இரண்டு நாள் நன்னீர் ஊற்றாமல் நிறுத்தி உப்பை அளந்து பாருங்கள். உப்பின் செறிவு ஏறியிருந்தால் ஆவியாகிறது என்று அர்த்தம். நீர் குறைந்தும் செறிவு ஏறாமல் அப்படியே இருந்தால் எங்கேயோ ஒழுகுகிறது என்று அர்த்தம். தரை காய்ந்திருந்தாலும் இந்தக் கணக்குப் பொய் சொல்லாது. தானே நன்னீர் ஊற்றிக்கொள்ளும் யந்திரம் வைத்திருப்பவர்கள் இன்னும் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும். அந்த யந்திரம் நீர் மட்டத்தை ஒழுங்காகக் காட்டி, ஒழுக்கை நம் கண்ணிலிருந்து மறைத்துவிடும்.

* * *

இதற்குள் மாப்பிள்ளையைப் பார்க்க ஒரு முதியவர் வந்தார். ஏரி மதகைத் திறந்து மூடுகிறவர். கீழ்மடைக்குத் தண்ணீர் விடுவது பற்றி ஏதோ பேச வந்தவர், கூடத்துச் சமுத்திரத்தைக் கண்டு வாசற்படியிலேயே நின்றுவிட்டார். பையன் மூலையில் அப்பியிருந்த பசையைச் சற்று நேரம் பார்த்தார்.

"தம்பி, கரையில் ஊற்று வந்தால் வெளிப்பக்கம் மண்ணைப் போட்டு அடைக்க மாட்டோம். தண்ணீர் தள்ளிவிடும். ஏரிப் பக்கம் எங்கே உள்ளே போகிறது என்று பார்த்து அங்கே அடைப்போம். அப்போது தண்ணீரே அழுத்திக் கொடுக்கும். ஒழுகுகிற இடம் ஒன்று, உள்ளே போகிற இடம் ஒன்று" என்றார்.

பெரியவர் சொன்ன இந்த ஐந்து வாக்கியங்களில் ஒழுக்கு சாஸ்திரம் முழுவதும் அடங்கிவிட்டது. அவர் சொற்படியே நாங்கள் தேடத் தொடங்கினோம்.

முதற்காரியம், எல்லாவற்றையும் உலர்ந்த துணியால் துடைத்துவிட்டு, ஒவ்வொரு மூட்டுக்கு அடியிலும் ஒரு துண்டுக் காகிதம் வைத்தோம். எந்தக் காகிதம் முதலில் நனைகிறதோ அதற்கு மேலேதான் குற்றவாளி இருக்க வேண்டும்.

இரண்டாவது, ஒழுக்கு அல்லாதவற்றைத் தள்ளினோம். மழைக்காலத்தில் குளிரூட்டும் யந்திரம் வைத்த தொட்டியின் கண்ணாடி வியர்ப்பது உண்டு. விரலால் தொட்டு நாவில் வைத்தால் அந்த நீர் கரிக்காது. இது கரித்தது. மேலே குமிழிகள் வெடித்துத் தெறிக்கும் துளிகளும் உண்டு. அவை விளிம்பைச் சுற்றித்தான் இருக்கும்.

மூன்றாவது, பம்பை நிறுத்தினோம். சிறிது நேரத்தில் பின்பக்கத்து அறை வடிந்தது. அரை மணியில் ஒழுக்கும் நின்றது! பம்பை மறுபடி ஓட்டினோம். ஒழுக்கும் திரும்பி வந்தது. அடிக் கண்ணாடியின் மூட்டு விட்டிருந்தால் பம்பு ஓடினாலும் ஓடாவிட்டாலும் இடைவிடாமல் ஒழுகியிருக்கும். ஆகையால் கண்ணாடி நிரபராதி. குற்றம் தண்ணீர் ஓடும் வழியில்தான் இருக்க வேண்டும் என்று தீர்ந்தது.

நான்காவது சாட்சியாக வந்தது உப்பு. நன்னீர் ஒழுகினால் காய்ந்த பிறகு தடயமே இராது. கடல் நீர் போன வழியெல்லாம் வெள்ளையாகப் பூத்து நிற்கும். விளக்கைப் பிடித்துக்கொண்டு அந்த வெள்ளைக் கோட்டைப் பின்தொடர்ந்தோம். முன் மூலையிலிருந்து அடிக் கண்ணாடியின் விளிம்போரமாகப் பின்னால் சென்றது; பின்பக்கத்துக் குழாயின் மேலேறியது; கடைசியில் கண்ணாடித் துவாரத்தில் பொருத்தியிருந்த டேங்க் நிப்பிளண்டை போய் நின்றது. அங்கே கொத்துக் கொத்தாக உப்பு பூத்திருந்தது. மேஜை ஒரு பக்கம் தாழ்ந்திருந்தபடியால் பின்னால் கசிந்த நீர் முன் மூலைக்கு ஓடி வந்து சொட்டியிருக்கிறது. பையன் ஒரு மாதமாக அந்த மூலையோடு போராடிக்கொண்டிருந்தான்!

நிப்பிளைக் கழற்றிப் பார்த்தால், ரப்பர் வாஷர் இருக்க வேண்டிய இடத்தில் இல்லை. அது தலைப்பக்கத்தில், தொட்டிக்கு உள்ளே, தண்ணீரைத் தொடும்படி இருக்க வேண்டும். வெளியே நட்டுப் பக்கத்தில் போட்டிருந்தார்கள். போதாக்குறைக்கு ஒழுகுகிறது என்று நட்டைச் சாவி போட்டு முறுக்கியதில் வாஷர் பிதுங்கிக் கிழிந்து, இரவு வெள்ளமாகிவிட்டது. புது வாஷரை உட்பக்கத்தில் போட்டு, கையால் இறுக்கி, மேலும் ஒரு கால் சுற்று மட்டும் திருப்பினோம். அதற்கு மேல் இறுக்கினால் வாஷர் கெடும், கண்ணாடியும் விரியலாம்.

* * *

கண்ணாடி மூட்டே விட்டுப்போன தொட்டிகளும் உண்டு. அப்போது என்ன செய்வது என்று சிலர் கேட்கலாம். வெளியே பூசுவதால் பயனில்லை என்பதைப் பார்த்தோம். பழைய சிலிக்கோனின் மேல் புதிய சிலிக்கோன் நன்றாக ஒட்டாது என்பது அடுத்த விஷயம். ஆகவே தொட்டியை முழுவதும் காலி செய்து, உட்புறத்து ஓரங்களிலுள்ள பழைய பசையைப் பிளேடால் சுரண்டி எடுத்துவிட வேண்டும். ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலால் கண்ணாடியைத் துடைத்து நன்றாக உலர விட வேண்டும். பூஞ்சணம் தடுக்கும் மருந்து கலக்காத சுத்தமான சிலிக்கோனை ஒரே வீச்சில் இழைத்து, அது தோல் விடுவதற்குள் விரலால் வழித்துவிட வேண்டும். குளியலறைக்கென்று விற்கும் பசைகளில் பெரும்பாலும் அந்த மருந்து இருக்கும். அது மீனுக்கு விஷம். பூசிய பின் காடி நாற்றம் அடியோடு போகும் வரையில், குறைந்தது இரண்டு மூன்று நாள், தடித்த பூச்சானால் ஒரு வாரம், காத்திருக்க வேண்டும். பிறகு தொட்டியை வாசலில் வைத்து, நன்னீர் நிரப்பி, இரண்டு மூன்று நாள் சோதித்த பின்புதான் உள்ளே கொண்டு வரலாம். கண்ணாடியே விரிந்திருந்தால் பசை வைத்து ஒப்பேற்ற நினைக்கக் கூடாது. அந்தப் பலகையை மாற்றியே ஆக வேண்டும்.

ஒழுக்குக் கண்ட முதல் நாழிகையில் செய்ய வேண்டியதையும் சொல்லிவிடுகிறேன். ஈரக் காலோடு பிளக்கைப் பிடுங்கப் போகாதீர்கள். உப்பு நீர் நன்னீரைவிட நன்றாக மின்சாரத்தைக் கடத்தும். முதலில் மெயின் சுவிட்சை அணைக்க வேண்டும். பிறகு சுத்தமான வாளிகளில் தொட்டி நீரை, ஒழுகும் இடத்துக்குக் கீழே மட்டம் இறங்கும் வரையில், முகந்து வைக்க வேண்டும். பதற்றத்தில் அதைச் சாக்கடையில் கொட்டிவிடாதீர்கள். மீன்களுக்கு அதுதான் பழகிய நீர். மீன்களை அதே நீரில் விட்டு, மூடி போட்டு, பாட்டரியில் ஓடும் காற்றுப் பம்பை வைத்துவிட்டால் சில மணி நேரம் கவலையில்லை. தொட்டியிலுள்ள கற்களையும் வடிகட்டிப் பஞ்சையும் காய விடக் கூடாது. அழுக்கை ஜீரணிக்கும் நுண்ணுயிர்கள் அவற்றில்தான் வசிக்கின்றன.

உப்புக் குறைந்துபோன தொட்டியை ஒரே நாளில் சரிசெய்வதும் தவறு. மருமான் தொட்டியில் ஆவியாகும் நீருக்குப் பதில் உப்புக் கரைத்த நீரை ஊற்றி, நாளைக்கு 0.001 வீதம், ஆறு நாளில் பழைய அளவுக்குக் கொண்டுவந்தோம். மிச்சமிருந்த இரண்டு கோமாளி மீன்களும் மூன்றாம் நாளே கல்லிடுக்கிலிருந்து வெளியே வந்து இரை தின்னத் தொடங்கின. அவை கடலில் பிடித்தவை அல்ல; பண்ணையில் பொரித்து வளர்த்தவை. 1947-ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட மத்தியக் கடல் மீன் ஆராய்ச்சி நிலையத்தார் இம்மீன்களைத் தொட்டியிலேயே இனப்பெருக்கம் செய்வித்திருக்கிறார்கள். பவளமும் கடற்குதிரையும் 2001-ஆம் ஆண்டிலிருந்து வனவிலங்குச் சட்டத்தின் கீழ் மிகுந்த பாதுகாப்புப் பெற்றவை. அவற்றை யார் விற்றாலும் வாங்கக் கூடாது.

* * *

வந்த ஒழுக்கை அடைப்பது பாதி வேலைதான். இனி வராமல் காப்பதே முக்கியம். அன்று மாலை நானும் மருமானும் உட்கார்ந்து ஒரு ஜாபிதா தயாரித்தோம்.

மேஜையை ரசமட்டம் வைத்துச் சமன் செய்ய வேண்டும். சாய்ந்த மேஜையில் கண்ணாடி முறுக்கிக்கொண்டு மூட்டுக்கள் விடும். சட்டமில்லாத தொட்டியாயிருந்தால் அடியில் ஒரு தெர்மாகோல் தகடு போடுவது நல்லது. ஒரு மணல் பருக்கை அடியில் சிக்கினாலும் அந்த இடத்தில் பாரம் குவிந்து கண்ணாடி விரியக்கூடும்.

மின்சாரம் நிற்கும்போது மேல்தொட்டியிலிருந்து எவ்வளவு நீர் கீழே இறங்குகிறது என்று வேண்டுமென்றே பம்பை நிறுத்திப் பார்த்து, கீழ்த்தொட்டியில் அதற்கு மேலேயே இடம் விட்டு வைக்க வேண்டும். பம்பு ஓடும்போது இருக்க வேண்டிய மட்டத்துக்கு ஒரு கோடு கிழித்து, அதற்கு மேல் ஒருபோதும் நிரப்பக் கூடாது. நம்மூரில் மின்சாரம் சொல்லிக்கொண்டு போவதில்லை அல்லவா? மேலே நீர் ஊற்றும் குழாயின் வாய் ஆழத்தில் அமிழ்ந்திருந்தால், பம்பு நின்றதும் அது தலைகீழாக உறிஞ்சத் தொடங்கிவிடும். வாயை மேலாக வைப்பதும், நீர் மட்டத்துக்குச் சற்றே கீழே ஒரு சிறு துவாரம் போடுவதும் இதற்குப் பரிகாரம். துவாரத்தை அவ்வப்போது குத்திச் சுத்தம் செய்ய வேண்டும். காற்றுப் பம்பு நீர் மட்டத்துக்குக் கீழே இருந்தால், அதன் குழாயில் ஒருவழி வால்வு இல்லாமல் இருக்கக் கூடாது.

வழிநீர் அறையின் வாயில் சல்லடை வேண்டும். ஒரு நத்தை போய் அடைத்துக்கொண்டால் போதும், கீழே உள்ள நீரெல்லாம் மேலேறிக் கூடத்தில் வழியும். குழாய்களைப் பிடிக்கும் கிளிப்புகள் பிளாஸ்டிக்காகவோ நல்ல துருப்பிடிக்காத எஃகாகவோ இருக்க வேண்டும். மின்கம்பிகள் பிளக்குக்குப் போகும் முன் ஒரு வளைவாகத் தாழ்ந்து தொங்கினால், கம்பி வழியாக ஓடிவரும் நீர் அங்கேயே சொட்டிவிடும், பிளக்குக்குள் ஏறாது. கசிவு மின்சாரத்தை உணர்ந்து அறுக்கும் 30 மில்லி ஆம்பியர் சுவிட்சு ஒன்று அவசியம் போட வேண்டும். உயிருக்கு விலை கிடையாது.

கடைசியாக, பூத்த உப்பை வாரம் ஒரு முறை ஈரத் துணியால் துடைக்க வேண்டும். அது அழகைக் கெடுப்பதோடு நிற்பதில்லை. தன் வழியே மேலும் நீரை உறிஞ்சி வெளியே இழுத்துவரும். துடைத்த இடத்தில் மறு வாரமே மறுபடி பூத்தால், அங்கே ஒழுக்குப் பிறந்துகொண்டிருக்கிறது என்று தெரிந்துகொள்ளலாம்.

* * *

மறு நாள் ஊருக்குத் திரும்புமுன் மருமானை அழைத்துக்கொண்டு வைகுண்டப் பெருமாள் கோவிலுக்குப் போனேன். பராந்தக சோழனுடைய காலத்தில், 919-ஆம் ஆண்டிலும் 921-ஆம் ஆண்டிலும் இவ்வூர்ச் சபையார் செய்த ஏற்பாடுகளை அக்கோவிற் சுவரில் வெட்டி வைத்திருக்கிறார்கள். குடவோலைத் தேர்தல் என்று எல்லாரும் பெருமையாகச் சொல்வது அதைத்தான். தேர்ந்தெடுத்த முப்பது பேரில் ஆறு பேருக்கு ஏரி வாரியம். முந்நூற்றறுபது நாள் அவர்கள் ஏரியைக் கவனிக்க வேண்டும். அடுத்த வருஷம் வேறு ஆட்கள். வாரியம் செய்து கணக்குக் காட்டாதவர்களுடைய பெயரை மறுபடி குடத்தில் போடக் கூடாது. அவர்களுடைய உறவினர் பெயரையும் போடக் கூடாது!

"கரை உடைந்த பிறகு ஓடி வருவதற்காக அல்ல, அப்பா, அந்த ஆறு பேர். உடையாமல் இருக்கிற முந்நூற்றறுபது நாளும் பார்ப்பதற்காக" என்றேன். பையன் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தான். பதில் சொல்லவில்லை.

சென்ற வாரம் மறுபடி உத்தரமேரூர் போயிருந்தேன். கூடம் உலர்ந்திருந்தது. தொட்டியின் பக்கத்தில் ஆணியில் ஒரு நோட்டுப் புத்தகம் தொங்கியது. தேதி, உப்பின் அளவு, ஊற்றிய நீர், துடைத்த மூட்டு என்று நாலு பத்திகள். முதல் பக்கத்தில் 'ஏரி வாரியக் கணக்கு' என்று தலைப்பு. நீர் ஊற்றிய கணக்கு இரண்டு நாளாக எழுதப்படாமல் காலியாக இருந்தது.

"அவனுக்குப் பரீட்சை, அண்ணா. இரண்டு நாள் நான்தான் ஊற்றினேன், எழுத மறந்துவிட்டது" என்றாள் தங்கை.

மாப்பிள்ளை ஊஞ்சலிலிருந்து பத்திரிகையைச் சற்றே தாழ்த்தினார்.

"கணக்குக் காட்டாதவர்களை மறுபடி குடத்தில் போடக் கூடாதாமே?" என்றார்.

"அவர்களுடைய உறவினரையும் போடக் கூடாதாம்" என்று சொல்லிவிட்டுத் தங்கை பேனாவை எடுத்து அவர் கையிலேயே கொடுத்தாள். மாப்பிள்ளை காலைக் கீழே இறக்கி, ஊஞ்சலை விட்டு எழுந்து, ஹைட்ரோமீட்டரைத் தேடப் போனார்.